பொருக்கின் மேல் ஒரு கால்: ஜாக்-அப் ரிக்குகள் கடலடியில் எப்படி நிற்கின்றன

வற்றிய குளத்தில் மாடு பிடிக்கப் போனவர்களுக்கு இது தெரியும். மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த மண். ஆடு நடந்தால் தாங்கும், பையன்கள் ஓடினாலும் தாங்கும். கொஞ்சம் கனத்த ஆள் ஒரு காலில் அழுத்தி நின்றால் பொதுக்கென்று முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விடும், ஏனென்றால் அந்தப் பொருக்குக்குக் கீழே சேறு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. விழுகிறவருக்கு அடிபடுவது பெரும்பாலும் உள்ளே போன காலில் இல்லை, வெளியே நின்ற காலில். உடம்பு ஒரு பக்கம் சாயும்போது அந்த முட்டிதான் திருகிக்கொள்ளும்.

1996 நவம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் செயின்ட் வின்சென்ட் வளைகுடாவில் மேர்ஸ்க் விக்டரி என்ற எண்ணெய்த் துளை ரிக்குக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான். துளை போட வந்து, கால்களை இறக்கி, தரை தாங்குமா என்று எடை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தரை தாங்கவில்லை. கால்கள் வளைந்து சேதமாகின. யாரும் சாகவில்லை, துளையும் போடப்படவில்லை. பின்னால் வந்த அரசு விசாரணையின் சாரம் எளிமையானது: அந்த இடத்து மண்ணைப் பற்றிப் போதுமான தகவல் இல்லாமலே கால் வைத்துவிட்டார்கள்.

ஜாக்-அப் என்பது மிதந்து வந்து நிற்கும் மேடை. உடம்பு ஒரு பெரிய தெப்பம் மாதிரி, அதன் வழியாகச் செங்குத்தாகப் பெரும்பாலும் மூன்று கால்கள், ஒவ்வொன்றும் செல்போன் கோபுரம் போல இரும்புச் சட்டங்களால் பின்னியது, நூறு மீட்டருக்கு மேலும் உயரம் போகும். இழுத்துக்கொண்டு வரும்போது கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இடம் வந்ததும் கால்களைக் கீழே இறக்குவார்கள். கால் தரையைத் தொட்ட பிறகு, பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட இயந்திரம் அந்தக் காலையே ஏணியாக வைத்து மேடையைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றும். வேலை முடிந்தால் மேடை இறங்கி மிதக்கும், கால்கள் மேலே வரும், அடுத்த இடம். பம்பாய் ஹையில் 1974-ல் எண்ணெய் கண்டது இந்த வகை ரிக்தான்: ஜப்பானில் மிட்சுபிஷி கட்டிக்கொடுத்த சாகர் சாம்ராட்.

சாதாரணக் கட்டடம் என்றால் முதலில் மண், பிறகு அடித்தளம். மண்ணைத் தோண்டிப் பார்க்கிறோம், அதற்கேற்பப் பைல் போடலாமா ராஃப்ட் போடலாமா என்று முடிவு செய்கிறோம். ஜாக்-அப்பில் வரிசையே தலைகீழ். அடித்தளம் ஏற்கெனவே செய்து, காலில் பற்றவைத்து, இருபது முப்பது வருடத்துக்கு மாறாமல் இருக்கிறது; மண்தான் ஒவ்வொரு சில மாதத்துக்கும் மாறுகிறது. இன்றைக்கு மெக்சிகோ வளைகுடாவின் குழம்பு மாதிரியான களிமண், அடுத்த வருடம் வட கடலின் இறுகிய மணல், அதற்கடுத்து ஜாவாக் கடல். அதனால் 'ஜாக்-அப்பின் அடித்தள வடிவமைப்பு' என்று பெயர் இருந்தாலும் உண்மையில் நடப்பது வடிவமைப்பு இல்லை, கணிப்பு. இந்தக் கால் இந்தத் தரையில் எத்தனை மீட்டர் புதையும், புதையும்போது அமைதியாகப் புதையுமா, திடீரென்று போகுமா? கேள்வி இவ்வளவுதான். பதில் தப்பானால் என்ன ஆகும் என்பதைத்தான் மேர்ஸ்க் விக்டரி காட்டியது.

மூன்று கால் என்ற வடிவம் 1956-லேயே வந்துவிட்டது. மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஆர். ஜி. லெடூர்னோ, ஸ்கார்ப்பியன் என்ற ரிக்கைக் கட்டினார். வாங்கியது ஸபாட்டா நிறுவனம், அதை நடத்தியவர் பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ். மூன்று கால் ஸ்டூல் எந்தத் தரையிலும் ஆடாது என்பது நம் வீட்டுத் தச்சருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மூன்றில் ஒன்று போனால் மீதி இரண்டில் நிற்க முடியாது என்பதும் அதே கணக்கு.

காலின் நுனியில் இருப்பதற்கு ஸ்பட்கேன் என்று பெயர். அமுக்கித் தட்டையாக்கிய பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் அகலம், மேலும் கீழும் சரிவு, அடியில் ஆணி மாதிரி ஒரு முனை. அந்த முனை வழுக்காமல் இடத்தைப் பிடிக்க, அகலம் எடையைத் தாங்க. 10 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை குறுக்களவு இருக்கும்; பெரிய ரிக்கின் ஒரு ஸ்பட்கேனுக்குள் சிறிய கல்யாண மண்டபத்துப் பந்தியைப் போட்டுவிடலாம்.

கொஞ்சம் கணக்கு போடுவோம், கஷ்டமில்லாத கணக்குதான். 14 மீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு சுமார் 154 சதுர மீட்டர். அதன் மேல் 6,000 டன் எடை வந்தால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிட்டத்தட்ட 39 டன், அதாவது 390 கிலோபாஸ்கல். களிமண் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. மண்ணின் வெட்டு வலிமையை, அதாவது ஒரு பகுதி இன்னொன்றின் மேல் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் வலுவை எடுத்து, மேற்பரப்பில் என்றால் ஆறால், ஆழத்தில் என்றால் ஒன்பதால் பெருக்கினால் தாங்கும் அழுத்தம் கிடைத்துவிடும். 390-ஐ ஒன்பதால் வகுத்தால் 43. ஆக 43 கிலோபாஸ்கல் வலிமை உள்ள களிமண் கிடைக்கும்வரை கால் கீழே போய்க்கொண்டே இருக்கும். கடலடியில் மென்களிமண் மேலே கூழாக ஆரம்பித்து, மீட்டருக்கு ஒன்றரை கிலோபாஸ்கல் வீதம் கெட்டியாகிறது என்று வைத்தால், 29 மீட்டர் ஆழம். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் சேற்றுக்குள்! இது மிகையில்லை. மிசிசிப்பி கழிமுகத்துப் பக்கம் ஐம்பது மீட்டருக்கு மேலும் கால் புதைந்திருக்கிறது. கால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, ஏனென்றால் சேற்றுக்குள் போகும் ஒவ்வொரு மீட்டரும் தண்ணீருக்கு மேலே குறைகிற மீட்டர்.

இவ்வளவு புதைவது ஆபத்தா என்றால், இல்லை. மெதுவாக, சீராக, எடை கூடக்கூட ஆழம் கூடும் புதைவு நல்ல புதைவு. எடையைக் கூட்டுவதை நிறுத்தினால் கால் நின்றுவிடும். ரிக்கில் வேலை செய்கிறவர்கள் இதைக் கண்டு பயப்படுவதே இல்லை.

அந்த 6,000 டன் எங்கிருந்து வந்தது? மேடையும் கால்களும் சேர்ந்து 12,000 டன் என்றால் அமைதியான நாளில் ஒரு காலுக்கு 4,000 தான். ஆனால் புயலில் காற்றும் அலையும் பக்கவாட்டில் தள்ளும்போது மேடை கவிழப் பார்க்கும், காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்துக் காலில் கூடுதலாக ஒரு 2,000 டன் இறங்கலாம். அந்தப் புயல் ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் வரும்போது கால் புதைந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதல் நாளே, கடல் அமைதியாக இருக்கும்போதே, புயல் கொடுக்கப்போகும் எடையைச் செயற்கையாகக் கொடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். இதுதான் பிரீலோட். மேடைக்குள் இருக்கும் தொட்டிகளில் கடல் தண்ணீரை ஏற்றுவார்கள். நம் கணக்குப்படி மூன்று காலுக்கும் சேர்த்து 6,000 டன் தண்ணீர், நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் 500 லாரி. முழு எடையும் ஏறிய பிறகு சில மணி நேரம் காத்திருப்பார்கள். கால் மேலும் இறங்கவில்லை என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேடையை அலை எட்டாத உயரத்துக்கு ஏற்றுவார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் இதன் நேர்மை. எந்தக் கட்டடத்தையும் அதன் வாழ்நாளின் மிக மோசமான எடையை முதல் நாளே ஏற்றிச் சோதிப்பதில்லை, இதைச் சோதிக்கிறார்கள். ஆனால் சோதனை நடக்கும் அந்த நேரம்தான் ஜாக்-அப்பின் வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான நேரமும். தரை பொருக்காக இருந்தால் அது உடைவது இப்போதுதான்.

துறையில் இதைப் பஞ்ச்-த்ரூ என்கிறார்கள். மேலே கெட்டியான அடுக்கு, அது களியாகவும் இருக்கலாம் மணலாகவும் இருக்கலாம், கீழே இளகிய களி. எடை ஏற ஏற மேலடுக்கு தாங்குகிறது, தாங்குகிறது, ஒரு கட்டத்தில் வட்டமாக ஒரு துண்டு வெட்டுப்பட்டு, ஸ்பட்கேனோடு சேர்ந்து கீழே போய்விடுகிறது. கீழே அதே எடையைத் தாங்கும் மண் எங்கே இருக்கிறது? உடைந்த இடத்துக்கு அடியில் மண்ணின் வலிமை 20 கிலோபாஸ்கல் என்று வைத்தால், நமக்கு வேண்டிய 43 கிடைக்க அதே ஒன்றரை வீதத்தில் இன்னும் 15 மீட்டர் போக வேண்டும். ஏற்றி இறக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு அரை மீட்டர் அளவில்தான் நகரும். கால் விழுவதோ நொடிகளில். ஈடுகட்டவே முடியாது. மேடை சாயும். மேடையும் கால்களும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் சாய்வு மற்ற இரண்டு கால்களையும் வளைக்கும், பின்னல் சட்டங்கள் நெளியும். குளத்தில் திருகிக்கொண்ட அந்த முட்டி இதுதான்.

இதைக் குறைக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள், யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். பிரீலோட் ஏற்றும்போது மேடையை உயரத்தில் வைக்காமல் தண்ணீரை ஒட்டியே, ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில், சில சமயம் லேசாக முங்கிய நிலையிலேயே வைப்பார்கள். கால் போனாலும் மேடையின் அடிப்பகுதி உடனே தண்ணீரில் உட்காரும், மிதப்பு விசை எடையை வாங்கிக்கொள்ளும். சந்தேகமான தரை என்றால் மூன்று காலுக்கும் ஒன்றாக ஏற்றாமல் ஒவ்வொரு காலாக ஏற்றுவதும் உண்டு.

சரி, கடலுக்கு அடியில் காய்ந்த பொருக்கு எப்படி வந்தது? கடல் என்றைக்குக் காய்ந்தது? காய்ந்தது, அதுதான் ஆச்சரியம். சுமார் இருபதாயிரம் வருடத்துக்கு முன்னால், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. ஜாவாக் கடல், தாய்லாந்து வளைகுடா எல்லாம் அப்போது தரை. ஆறு ஓடியது, மரம் முளைத்தது, களிமண் வெயிலில் காய்ந்து இறுகியது. பிறகு பனி உருகிக் கடல் ஏறி வந்தபோது அந்த இறுகிய தோல் அப்படியே உள்ளே முழுகியது, மேலே புது வண்டல் படிந்தது. ஆகவே தென்கிழக்கு ஆசியாவின் சுண்டா திட்டில், அதாவது இந்தக் கடல்களெல்லாம் அடங்கிய ஆழமில்லாத கடற்பரப்பில், கால் வைக்கும் ரிக் உண்மையில் ஒரு பழைய வற்றிய குளத்தின் மேல்தான் கால் வைக்கிறது. பஞ்ச்-த்ரூ அபாயத்துக்குப் பேர்போன பகுதிகளில் அது முதல் வரிசை. சுண்ணாம்பு மணல் உள்ள வெப்பக் கடல்களில் வேறு கதை: மணல்துகள்கள் சிமெண்ட் போல ஒட்டிக்கொண்டு ஓடு மாதிரி ஓர் அடுக்கு உருவாகிவிடும், அடியில் தளர்ந்த மணலோ களியோ அப்படியே கிடக்கும்.

அதனால்தான் மண் ஆய்வு என்று கத்துகிறார்கள். 36 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு இரும்புக் கூம்பைத் தரைக்குள் சீராக அழுத்தி, எங்கே எவ்வளவு எதிர்ப்பு என்று தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது, கூடவே துளையிட்டு மண் மாதிரியும் எடுப்பார்கள். கால் எங்கே நிற்கும் என்று நினைக்கிறோமோ அதற்கும் கீழே, ஸ்பட்கேனின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்காவது பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட அந்தச் சில மீட்டரில்தான் இளகிய அடுக்கு இருந்து தொலைக்கும். ஆய்வுக் கப்பலுக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க மனம் வராத இடத்தில் ஒரு ரிக்கின் கால்கள் வளைந்தால் எத்தனை மாத வருமானம் போகும் என்பதை அந்தச் செலவை வெட்டுகிறவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

ஆய்வில் பொருக்கு இருப்பது தெரிந்துவிட்டால்? இடத்தை மாற்றலாம், ஆனால் எண்ணெய் இருக்கும் இடம் நம் வசதிக்கு நகராது. இன்னொரு வழி, கால் வைக்கப்போகும் வட்டத்தில் இடியாப்ப அச்சு மாதிரி வரிசையாகத் துளைகள் போட்டு மேலடுக்கை வேண்டுமென்றே பலவீனமாக்குவது. கால் திடீரென்று உடைத்துக்கொண்டு போகாமல் மெதுவாக இறங்கும். வலுப்படுத்துவதற்குப் பதில் பலவீனப்படுத்துவது அடித்தளப் பொறியியலில் வேறெங்கும் அவ்வளவாகப் பார்க்க முடியாத காரியம்.

இந்தக் கணிப்புகள் நீண்ட காலம் அனுபவத்தை நம்பியே ஓடின. பிறகு மையவிலக்குச் சோதனைகள் வந்தன. சின்ன மாதிரி ஸ்பட்கேனை மண் நிரம்பிய பெட்டியில் வைத்துப் பெரிய கை ஒன்றில் பொருத்திச் சுழற்றுவார்கள். புவியீர்ப்பைப் போல நூறு மடங்கு விசை கிடைக்கும்போது 15 சென்டிமீட்டர் மாதிரி 15 மீட்டர் ஸ்பட்கேன் மாதிரியே நடந்துகொள்ளும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்த ஒன்று சுவாரசியமானது. கால் புதையும்போது மேலே ஒரு குழி உண்டாகும், குழியின் சுவர் இடிந்து விழுந்து அது மூடிக்கொள்ளும் என்றுதான் பழைய வழிகாட்டிகள் நினைத்தன. பக்கவாட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சுவர் இடிவதற்கு முன்பே ஸ்பட்கேனுக்கு அடியிலிருந்த மண் ஓரமாகச் சுற்றி மேலே வழிந்து மூடிவிடுகிறது என்று தெரிந்தது. மாவில் கரண்டியை அழுத்தினால் மாவு சுற்றி மேலே ஏறுமே, அப்படி. வேடிக்கையாகத் தெரிந்தாலும் மேலே ஏறி உட்காரும் அந்த மண்ணின் எடையும் காலின் மேல்தான் வருகிறது, எனவே ஆழக் கணக்கே மாறுகிறது.

ஆழம்வரை இறுகிய மணலாகவே இருக்கும் தரையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கால் ஒன்றிரண்டு மீட்டர்தான் இறங்கும், சில இடத்தில் ஸ்பட்கேனின் முழு அடியும் தரையைத் தொடுவதுகூட இல்லை. அங்கே எதிரி நீரோட்டம். ஆற்றில் நிற்கும்போது பாதத்துக்கு அடியில் மணல் நழுவுவது போல, தெற்கு வட கடலில் ஓதம் ஓடஓட ஸ்பட்கேனைச் சுற்றி மணல் அரித்துக்கொண்டு போகும். சரளைக்கல்லையோ கல் நிரப்பிய பைகளையோ சுற்றிப் போட்டுக் காப்பார்கள்.

புயல் விஷயத்துக்கு வருவோம். பிரீலோட் செங்குத்து எடையை மட்டும்தான் சோதிக்கிறது. புயலோ செங்குத்தாக அழுத்தும், பக்கவாட்டில் தள்ளும், காலைத் திருப்பவும் பார்க்கும், மூன்றும் ஒரே நேரத்தில். 1990களில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ் மார்ட்டினும் கை ஹவுல்ஸ்பியும் இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது களிமண் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று சோதித்து வரைந்தார்கள். ரக்பி பந்து மாதிரி ஒரு உருவம் வந்தது. பந்துக்கு உள்ளே இருக்கும்வரை கால் பத்திரம். பந்தின் அளவைத் தீர்மானிப்பது பிரீலோட். ஆனால் களியில் பக்கவாட்டில் தாங்கும் உச்ச அளவு அந்தச் செங்குத்துச் சுமையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். 6,000 டன் ஏற்றிச் சோதித்த கால் பக்கவாட்டில் 750 டன் அளவிலேயே வழுக்க ஆரம்பித்துவிடும். அதுவும் புயலில் காற்று வரும் பக்கத்துக் காலில் எடை குறைந்துவிடுவதால் அது இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

முன்பெல்லாம் கணக்குப் போடும்போது ஸ்பட்கேன் கீல் வைத்த கதவு மாதிரி, தரை அதைத் திரும்பாமல் பிடிக்கவே பிடிக்காது என்று வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பான அனுமானம்தான், ஆனால் பல இடங்களில் ரிக் நிற்கவே முடியாது என்று காட்டியது, நிஜத்திலோ நின்றுகொண்டிருந்தது. தரை ஓரளவு பிடித்துக்கொள்கிறது என்பதை 1994-ல் வந்த அமெரிக்கக் கப்பல் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டியும், பிறகு 2012-ல் வந்த ஐஎஸ்ஓ 19905-1 என்ற சர்வதேசத் தரநிலையும் கணக்கில் எடுக்க அனுமதிக்கின்றன. எவ்வளவு எடுக்கலாம் என்பதில் சண்டை முடிந்தபாடில்லை.

மண் ஆய்வு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2013 ஜூலையில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, அங்கோலா கடலில், பெர்ரோ நீக்ரோ 6 என்ற ரிக்கின் ஒரு காலுக்கு அடியில் கடலடித் தரையே சரிந்தது. ரிக் சாய்ந்து மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள், ஒருவரைக் காணவில்லை.

அப்புறம், வேலை முடிந்து கிளம்புவது. முப்பது மீட்டர் சேற்றுக்குள் மாதக்கணக்கில் இருந்த காலை எடுப்பது, வயலில் புதைந்த செருப்பை எடுப்பது போலத்தான்: இழுத்தால் அடியில் உறிஞ்சிப் பிடிக்கும், மேலே மூடிய மண் வேறு அழுத்தும். மேடையை மிதக்கவிட்டு, இயல்பைவிடக் கூடுதலாகத் தண்ணீரில் அமிழ்த்தி, அந்த மிதப்பு விசையால்தான் காலை இழுக்கிறார்கள். ஸ்பட்கேனின் அடியில் உள்ள குழாய்கள் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சலை உடைப்பார்கள். சில நாளில் வரலாம், சில சமயம் வாரக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.

கால் வந்த பிறகு தரையில் மூன்று பள்ளங்கள் மிச்சம், பல மீட்டர் அகலத்தில், அடியில் கலங்கி இளகிய மண்ணோடு. இரண்டு வருடம் கழித்து அதே கிணற்றைப் பழுதுபார்க்க வேறொரு ரிக் வரும், அதன் கால்களின் இடைவெளி வேறு. புதுக் கால் பழைய பள்ளத்தின் மையத்திலிருந்து அரை குறுக்களவுக்கும் ஒரு குறுக்களவுக்கும் இடைப்பட்ட தூரத்தில் விழுந்தால்தான் மிக மோசம்: ஸ்பட்கேனில் பாதி கெட்டி மண்ணில், பாதி சரிவில், கால் பள்ளத்தை நோக்கி வழுக்கி வளையும். ஒரு காலின் மூன்று மூலைச் சட்டங்களிலும் இயந்திரம் தாண்டிய பல் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று பிசகுகிறதா என்று பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக இறக்குவார்கள். பிசகினால் தூக்கி மறுபடி. அதே வடிவ ரிக்கைக் கொண்டுவந்து பழைய பள்ளத்திலேயே கால் வைப்பது நல்லது, கிடைத்தால். இல்லையென்றால் முதல் ரிக் எந்த வருடம், எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் நின்றது என்ற பழைய காகிதத்தைத் தேடிக்கொண்டு ஒருவர் அலுவலகத்தில் அலமாரி அலமாரியாகப் புரட்டிக்கொண்டிருப்பார்.